மீன் மணக்கும் பனி

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது பலெர்மோவில் ஒருநாள் பனி கொட்டியது. பத்திரிகையில் வரவில்லை, தொலைக்காட்சியில் சொல்லவில்லை. மொண்டெல்லோக் கடற்கரையில், ஒரு மீன் உணவகத்தின் பின்முற்றத்தில், இரண்டு மேசை போடக்கூடிய இடத்தில் மட்டும் அது கொட்டியது. நேரில் பார்த்தவர்கள் மூன்றே பேர்: நான், என் தம்பி, சித்தப்பா. நாலாவதாக ஒருத்தி மன்னாரிலிருந்து பார்த்தாள். அவளுக்காகத்தான் அது கொட்டியதே.

இப்போது நான் அதே ஊரில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் பள்ளியொன்றில் வேலை செய்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. கடதாசி நட்சத்திரம், முட்டைப் பெட்டியை வெட்டி மணி, அத்திப்பழம் அடைத்த பிஸ்கட், போதாததற்குப் பஞ்சில் ஒரு பனிமனிதன். பிள்ளைகள் அந்தப் பஞ்சைத் தாடியாக ஒட்டிக்கொண்டு திரிவார்கள். பனியையே காணாத ஊரில் எதற்கு இந்தப் பனிமனிதன் என்று கூட வேலை செய்யும் ஆசிரியை வருடா வருடம் அலுத்துக்கொள்வாள். நான் வாயைத் திறப்பதில்லை. கண்ணால் கண்டவளுக்கு வாதாட என்ன இருக்கிறது?

சித்தப்பா, அப்பாவின் தம்பி. பலெர்மோவின் சீசாப் பகுதியில் எங்களுடைய இரண்டு அறை வீட்டில்தான் அவரும் இருந்தார். அவர் இத்தாலிக்குப் புறப்பட்டபோது மகள் சித்தியின் வயிற்றில். பெர்மெசோ என்கிற அந்த வதிவிட அட்டை கைக்கு வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. அட்டையோ இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஆறு வருடம் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் போனுக்குள் சிரிக்கிற ஒரு முகம். அவ்வளவுதான்.

அந்த வருடம் அவள் முதலாம் வகுப்புக்குப் போனாள். அங்கே ஒருத்தியின் அப்பா சுவிஸில், இன்னொருத்தனின் அப்பா நோர்வேயில், வேறொருத்தியின் மாமா கனடாவில். எல்லாருடைய படத்திலும் முழங்காலளவு பனி. அந்த வகுப்பின் சட்டப்படி பனியில் நிற்காதவர் வெளிநாட்டில் இல்லாதவர். "உன்ரை அப்பா வெளிநாட்டிலை இல்லை, கொழும்பிலைதான் எங்கையோ ஒளிச்சு நிக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். அவள் போனில் அழுதுகொண்டு கேட்டாள். மகள் அழுதால் சித்தப்பாவுக்கு மூளை வேலை செய்யாது. "இஞ்சையும் கொட்டும் மகள், நத்தாருக்கு முதல் அப்பா காட்டிறன்" என்று கிறிஸ்துமஸையே தவணையாக வைத்துச் சொல்லிவிட்டார்.

"உமக்கென்ன விசரே தம்பி? ஆர் கண்டது இஞ்சை பனியை?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா கேட்டதில் பிழையில்லை. பலெர்மோவின் டிசம்பர் என்பது வெயில். பால்கனிகளில் தோடம்பழம் மஞ்சளாகத் தொங்கும். ஆண்கள் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கோப்பி குடிப்பார்கள்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. பனியைக் காட்டினால்தான் இனிக் கதைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சித்தப்பா வேலையால் வந்ததும் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, வகிடெடுத்து இழுத்துவிட்டு, போனுக்கு முன்னால் உட்காருவார். திரையில் சித்தி மட்டும்தான் வருவார். "வரமாட்டாளாம்" என்பார். சித்தப்பா "சரி, சரி" என்று சிரிப்பார். இப்படியே இரண்டு கிழமை.

அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. முதல் முயற்சி, பால்கனிப் பூச்சாடிகளின்மேல் ஒரு கிலோ கோதுமை மா. அரித்து அரித்துத் தூவினோம். தம்பிக்கும் எனக்கும் தலை நரைத்தது. படமெடுத்து அனுப்பினார். "அது கோதம்ப மா" என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. தாயோடு இருந்து மா அரிக்கிற பிள்ளையை மாவால் ஏமாற்ற முடியுமா? இரண்டாவது, பஞ்சு. "ஊசி போடுற பஞ்சு" என்று வந்தது. புறாக்கள் மாவைத் தின்று தீர்க்க ஒரு கிழமை ஆனது. அம்மா வாளியும் துடைப்பமுமாக நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

டிசம்பர் எட்டாம் திகதி மாதாவின் திருநாள். பள்ளி விடுமுறை. ஊரெல்லாம் மரமும் குடிலும் வைக்கிற நாள். அம்மா வீட்டுவேலை செய்யும் சிஞ்ஞோராவின், அந்த முதலாளியம்மாவின் வீட்டில் விருந்து, அப்பாவுக்கும் வேலை. எங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. அம்மா வாசலைத் தாண்டியதும் அவர் அலுமாரியைத் திறந்து, "இருக்கிற உடுப்பெல்லாத்தையும் போடுங்கோ" என்றார். இரண்டு சுவெட்டர், அதற்குமேல் கோட், அம்மாவின் சால்வை. கையுறை இல்லை என்றதும் குசினிக்குப் போய், கோப்பை கழுவும் சிவப்பு ரப்பர் உறைகளைக் கொண்டுவந்தார். எனக்கு அவை முழங்கைவரை வந்தன. பேருந்தில் சட்டையோடு இருந்தவர்கள் எங்களை உற்றுப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சலா என்று ஒரு கிழவி விசாரித்தாள். "ஓம், கொஞ்சம்" என்று சித்தப்பா இத்தாலியனில் இருமிக் காட்டினார்.

அவர் கோடையில் வேலை செய்த உணவகம் அக்டோபரோடு பூட்டிக் கிடந்தது. கதிரைகளுக்கு வர்ணம் பூசும்படி முதலாளி திறப்பைக் கொடுத்திருந்தார். இதற்கும் அனுமதி கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பின்கதவைத் திறந்து, எங்களை இருட்டான குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் ஓர் இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உணவகங்களில் மீனைப் பரப்பிவைக்கக் கீழே ஐஸ் தூள் போடுவார்களே, அதைச் செய்கிற இயந்திரம். முதல்நாளே வந்து அதை ஓடவிட்டிருக்கிறார், களவாக.

"கண்ணை மூடுங்கோ" என்றார். மூடினோம். "திறவுங்கோ."

பெட்டியின் மூடியைத் தூக்கியிருந்தார். உள்ளிருந்து வெண்புகை எழும்பி என் முகத்தில் பட்டது. புகை விலகியதும் பார்த்தேன். என் ஆண்டவரே! வாய்வரை வெள்ளை. கட்டியில்லை, கண்ணாடித் துண்டில்லை. துருவிப் போட்ட தேங்காய்ப்பூப் போலப் பொலுபொலுவென்று, ஓர் அழுக்கில்லாமல், ஒரு சத்தமில்லாமல் கிடந்தது. மேலேயிருந்து இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. தம்பிக்கு அப்போது நாலு வயது. இரண்டு கையையும் விரித்து, "நேவே! நேவே!" என்று பனியை இத்தாலியனில் கூவினான். தேவாலயத்தில் நற்கருணையை உயர்த்தும்போது வருகிற பயம் எனக்கு வந்தது, சிலுவை போட்டுக்கொண்டேன். வேண்டுமென்றால் இந்தச் சித்தப்பா பனியையும் உண்டாக்குவார் என்று அன்றைக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் சந்தேகித்ததில்லை.

மீன் பெட்டிகளில் அள்ளி அள்ளிப் பின்முற்றத்தில் கொட்டினோம். மூன்று பக்கமும் சுவர், வெயில் எட்டாத இடம். சீமெந்துத் தரை மறைந்தது. அடுக்கி வைத்த கதிரைகளின் விளிம்பில் தூவினோம். சாடியில் நின்ற எலுமிச்சைமரம் பழத்தோடு வெள்ளையானது. மஞ்சளும் வெள்ளையுமாக அப்படியொரு மரத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. பனிமனிதனை இடுப்பளவுக்குக் கட்டினோம். கண்ணுக்குக் கறுப்பு ஒலிவ் காய், மூக்குக்குக் கரட், தலைக்குச் சமையல்காரரின் வெள்ளைத் தொப்பி. மிஞ்சியதைக் கோப்பையில் நிறைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோசாப்பூச் சிரப்பை ஊற்றித் தந்தார். தம்பி ஒரு வாய் வைத்தான். "மீன்!" என்றான். உண்மைதான். பனி முழுக்கப் பாரை மீன் மணம். ஆனாலும் கோப்பையை நக்கித் துடைத்தோம். வானத்திலிருந்து விழுகிற பனியும் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்தோம், கடலுக்கு மேலாக வருகிறதல்லவா?

பிறகு சித்தப்பா போனைக் கதிரைக் கால்களுக்கு நடுவில் சாய்த்து நிறுத்தினார். என்னைப் பின்னாலிருந்த மேசையில், படத்தில் விழாதபடி ஏற்றிவிட்டார். கையில் பாஸ்தா வடிக்கிற பெரிய வடியைத் தந்தார். அது நிறையப் பனி. நான் அவருடைய தலைக்குமேல் அதை ஆட்டவேண்டும், தம்பி அள்ளி அள்ளித் தரவேண்டும். வகிட்டைச் சரிசெய்துகொண்டு மன்னாருக்கு அழைத்தார். அவர் தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது. இதுவும் சரிவராவிட்டால் அவர் அழுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சித்திதான் வந்தார். "அவளைக் கூப்பிடு" என்றார் சித்தப்பா. வரமாட்டாள் என்று சித்தி தொடங்கியவர், திரையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, "பிள்ளை, ஓடி வாடி!" என்று கத்தினார்.

நான் வடியை ஆட்டினேன். சித்தப்பாவின் எண்ணெய் பூசிய தலையில், புருவத்தில், தோளில் பனி விழுந்தது. திரையின் மூலையில் முதலில் ஒரு நெற்றி வந்தது. பிறகு ஒரு கண். அந்தக் கண் அசையவே இல்லை.

"அப்பா?"

"ஓம் மகள்."

"குளிருதோ?"

"ஓம் மகள், விறைக்குது."

"தொப்பியைப் போடுங்கோ அப்பா. காய்ச்சல் வரும்."

சித்தப்பா பனிமனிதனின் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. அவருடைய தோள் குலுங்கியது. அங்கே அவள், "வாங்கோ, வாங்கோ, என்ரை அப்பா பனிக்குள்ளை நிக்கிறார்!" என்று ஊரைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தலைகள் திரையில் முண்டியடித்தன. சுவிஸ்காரரின் மகளும் அதில் இருந்திருக்கவேண்டும். இப்ப நம்பிறியளோ, இப்ப நம்பிறியளோ என்று அவள் ஒவ்வொருத்தராகக் கேட்டாள். எல்லாரும் நம்பினார்கள். எனக்கும் அழுகை வரப்பார்த்தது, அவ்வளவு சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய அற்புதத்தில் என் முகம் மட்டும் இல்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. "சித்தப்பா, என்னையும் காட்டுங்கோ!" என்றேன். அவர் இருந்த மகிழ்ச்சியில் இரண்டாம் யோசனை யோசிக்கவில்லை. அப்படியே திரும்பி, மேசையிலிருந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பனிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். நான் அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கையுறையை ஆட்டினேன்.

திரைக்குள் சத்தம் அடங்கிவிட்டது. அவள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பனியைப் பார்க்கவில்லை. மெதுவாக, "அப்பா, அந்த அக்காவை இறக்கி விடுங்கோ" என்றாள்.

பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் விழுந்துவிடுவேன் என்று எவ்வளவு பதறுகிறாள்! நான் மூத்தவள், நான்தான் தைரியம் சொல்லவேண்டும். குரலை உயர்த்தி, மன்னார்வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்:

"பயப்பிடாதை தங்கச்சி! சித்தப்பா விழுத்தமாட்டார். என்னை ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் தூக்கிறவர்!"

என் கால்களைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கைகள் தளர்ந்தன. குளிரில் விறைத்துவிட்டன போலும் என்று நினைத்தேன். அவர் என்னை மெல்லக் கீழே இறக்கியபோது திரையில் யாருமில்லை, ஒரு சுவரும் காற்றாடியும்தான் தெரிந்தன. எங்கோ உள்ளே அவள் அழுவது மட்டும் கேட்டது. திரும்பிவரும் பேருந்தில் அவர் அந்தத் தொப்பியை மடியில் வைத்து மடிப்பதும் விரிப்பதுமாக வந்தார். நான்தான் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். நேரில் ஒருநாளும் காணாத அக்கா விழுந்துவிடுவாளோ என்று அழுகிற அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு என்னில் எவ்வளவு பாசம் என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே பெருமை.