மாஸ்க்கைக் கழற்றாத கிழவி

எனக்கு வயது எழுபத்தொன்று. மூன்று பிள்ளைகளைப் பெற்றேன். இறந்துபோன நாத்தனாரின் மகளையும் சேர்த்து நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்று தலை நிமிர்ந்து நடந்தவள். அந்தத் தலை குனிந்தது கொரோனா ஊரடங்கு சமயத்தில், கடத்தூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில்.

பெங்களூரில் டிரைவராக இருந்த என் கடைசி மகன் வேலை போய் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி முன்பே கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் அவனும்தான். இத்தனை காலம் கழித்துப் பிள்ளைக்குச் சோறு போடுகிறோமே என்று முதலில் எனக்குச் சந்தோஷம். பிறகு எங்கிருந்தோ அவனுக்குச் சரக்கு கிடைக்க ஆரம்பித்தது. சோறு ஆறிவிட்டது என்று தட்டை எறிந்தான். இன்னொரு நாள், குறுக்கே பேசினேன் என்று அறைந்தான். உதடு கிழிந்து வீங்கிவிட்டது.

காலையில் ரேஷன் கடைக்குப் போக வேண்டும். மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். நல்ல மறைப்பாக இருந்தது. அப்புறம் வாசல் கூட்டினாலும் மாஸ்க், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாலும் மாஸ்க். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த பெண் தெருவையே கூப்பிட்டு, "இந்த ஆயாவப் பாத்துக் கத்துக்கங்க, வூட்டு வாசல்லகூட மாஸ்க் போட்டிருக்காங்க" என்றாள்.

"ஆயாவுக்கு இன்னும் நூறு வருசம் இருக்கணும்னு ஆசை" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்துகொண்டது.

பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது. கடத்தூரில் எப்போதும் ஒரே டாக்டர்தான் எங்களுக்கு. என் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர். மகன் வண்டியில் கூட்டிப்போய், என்னோடு உள்ளேயும் நுழைந்தான். டாக்டர் அவனைத் தடுத்தார். "கொரோனா ரூலுப்பா. பேஷன்ட் மட்டுந்தான் உள்ள. நீ வெளிய நில்லு."

பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாக்கை நீட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன். "கொரோனாவுல மாஸ்க்கக் கழட்டச் சொல்றீங்களே, நீங்கல்லாம் ஒரு டாக்டரா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்ப வர்றவங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கறேம்மா. வூட்ல யாராவது அடிக்கறாங்களா? அங்க இருக்கப் பயமா இருக்குதா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என்னை எவன் அடிப்பான்? ராசா மாதிரி பெத்து வெச்சிருக்கறேன். மாத்திரையக் குடுங்க, என் குடும்பத்தக் கேக்காதீங்க" என்று கத்தினேன்.

"சரிம்மா. இங்க பேசறது வெளிய போகாது" என்றார். எப்போதும் ஒரு மாதத்துக்குக் கொடுப்பவர், ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். மகனைக் கூப்பிட்டு, "பிரஷர் ஏறிக் கெடக்குது. வாராவாரம் நேர்ல பாக்கணும், கூட்டிட்டு வா" என்றார். பிரஷருக்காகத்தான் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

அடுத்த வாரமும் அதையே கேட்டார். இல்லை என்றேன். ஆனால் கத்தவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அவன் என்னைக் கதவோடு சேர்த்துத் தள்ளினான். கையைத் தூக்க முடியவில்லை. பிரஷர் பட்டையைக் கட்ட டாக்டர் கையைத் தொட்டதும் அலறிவிட்டேன். அவர் கேட்கும் முன்பே மாஸ்க்கைக் கழற்றினேன். பெற்ற பிள்ளை அடித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே நிற்பவனைக் கண்ணால் காட்டினேன்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று அழுதேன்.

"சரி, உங்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன். இன்னைக்கு அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவீங்களா?"

மாட்டேன் என்று தலையாட்டினேன். அரூரில் இருக்கும் என் மகளுக்கு அவருடைய போனிலேயே போட்டுக் கொடுத்தார். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து தின்பதா என்று அப்போதும் எனக்கு வீம்பு. "உன் வீம்ப அப்புறம் வெச்சுக்கம்மா, அங்கயே இரு, வர்றோம்" என்று மகள் அழுதாள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், நேரமாகும் என்று சொல்லி டாக்டர் அவனை அனுப்பிவிட்டார். மருமகன் வந்து என்னை அழைத்துப்போனார்.

பிற்பாடு அவனையும் குடியை விடும் வைத்தியத்துக்குப் போக வைத்தவர் அந்த டாக்டர்தான். பாதி கேட்டான், பாதி கேட்கவில்லை. இப்போதும் என்னைப் பார்க்க வருவான். மகள் பக்கத்தில் இருந்தால்தான் பேசுவேன்.

அந்த மனுசரைப் பார்த்து அப்படிக் கத்தினேனே என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதைவிட, அடித்தவன் முகத்தைத் திறந்துகொண்டு திரிய, அடிபட்ட நான் மூடிக்கொண்டு திரிந்தேனே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகளின் மகள். அடித்தான் என்று வருகிற இடத்தில், "திட்டினார்னு போட்டுடட்டா ஆயா? மாமா படிச்சா?" என்று கேட்டாள்.

"வேணாம் கண்ணு. நான் சொன்னதையே எழுது. எழுதிட்டு, மொதல்ல இருந்து ஒருக்கா சத்தமாப் படி."