வாழவந்தி நாட்டில் நான் சோதித்த வால்வு ஆம்ப்

தொண்ணூற்றெட்டிலோ ஒன்பதிலோ, கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து ஒருவர் என்னைத் தேடிச் சேந்தமங்கலம் வந்தார். மிளகும் மரவள்ளியும் போடும் விவசாயி. மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த அவருடைய தம்பி பைக் விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்பி கிடாரை மாட்டி வாசித்த பழைய வால்வு ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வீட்டில் சும்மா கிடக்கிறதாம்.

“விக்கிறதுக்கு இல்லீங்க. அவன் வாசிச்சாப்புல அதுல ஒருக்கா சத்தம் கேக்கோணும். நல்லாருந்தா ஊட்லயே வெச்சுக்குவேன். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நானும் கிடார்காரன். பழைய ஆம்ப் வாங்குகிற யாரும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மலைக்குப் போன அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. கூடத்தில் டியூப்லைட் பிடிக்காமல், இரண்டு ஓரமும் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. “சாயங்காலம் ஆனா அது அப்படித்தானுங்க” என்று மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆம்பின் பின்பலகையைக் கழற்றினேன். தேக்குப் பெட்டி, ஒரு மூட்டுகூட விட்டுப்போகவில்லை. பற்றவைப்பு ஒவ்வொன்றும் சுத்தம். டிரான்ஸ்பார்மரை முகர்ந்தேன், கருகிய வாடை இல்லை. அவ்வளவு நல்ல வேலைப்பாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிடாரைச் சொருகித் தடித்த கம்பியை மீட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தம் அமுங்கி வந்தது. வால்யூமை ஏற்றினால் கரகரத்துத் தொய்ந்தது. கண்ணாடி வால்வுகளுக்குள் தணல் மங்கலாகத்தான் தெரிந்தது.

“வால்வு போச்சுங்க. இப்ப அது கெடைக்கறதுமில்ல. இதுல இனி அந்தச் சத்தம் வராதுங்க” என்றேன்.

அவர் ஆம்பைத் துண்டால் துடைத்தார். என்னைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரை வந்தார்.

அடுத்த வருடம் மலையில் அவர் ஊருக்குப் பக்கத்து ஊரில் எங்கள் குழுவுக்குக் கல்யாணக் கச்சேரி. எங்கே போனாலும் எங்களுக்கு ஜெனரேட்டர் கரண்ட்தான். அன்று சாயங்காலம் அது மக்கர் பண்ண, கல்யாண வீட்டு லைனில் மாட்டினோம். என் சொந்த ஆம்ப் அதேபோல் அமுங்கித் தொய்ந்தது.

“ஊரே லைட்டுப் போடற நேரமுங்க. பாதிக் கரண்டுதான் வரும்” என்றார் அந்த ஊர் மைக்செட்காரர், சர்வசாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிக்காத டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே, ஒரு நல்ல ஆம்பைச் செத்ததென்று சொல்லியிருக்கிறேன். நான் பெரிய நிபுணன்.

மறுநாள் காலையே அந்த விவசாயியின் வீட்டுக்குப் போனேன். ஆம்ப் இல்லை. வராத சத்தத்தை எதற்குக் கட்டி வைத்துக்கொள்வது என்று உள்ளிருந்ததையெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாராம். தேக்குப் பெட்டியில் மிளகு நாற்று இருந்தது. தப்பு என்னுடையது என்பதை மறைக்காமல் சொன்னேன்.

“அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க. காலைல முழுக் கரண்டுல போட்டிருந்தா அந்தச் சத்தம் வந்திருக்குமுங்க.”

நாற்றுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அவனும் காலைலதானுங்க வாசிப்பான். சாயங்காலத்துல தொடவே மாட்டான். ஏன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லீங்க.”

தம்பி எப்போது வாசிப்பார் என்று நானும் கேட்டிருக்கவில்லை. இந்தத் தடவை கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.