ஐந்து நிமிட ஷட்டர்

என் மனைவியின் கணுக்கால் முறிந்ததற்கு நானே காரணம். ஆனால் ஊர் என்னை அவள் உயிரைக் காப்பாற்றியவன் என்கிறது. நானும் மறுக்கவில்லை... கேளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. மனைவி செல்வராணி பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். மருந்து என்றால் இங்கே வெடிமருந்துதான். எனக்கோ வானப் பைத்தியம்! கேமராவை மேலே திருப்பி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத விண்மீன் கூட்டங்களைப் படம் பிடிப்பேன்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இந்தப் பைத்தியங்களுக்குள் எல்லாச் சண்டையும் அதைப் பற்றித்தான். எங்கள் பக்கத்து வானம் சுத்தக் கருப்பு அல்ல. ஊர் வெளிச்சம் மேலேறி வெளுத்துக் கிடக்கும். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடப் படங்களாக நிறைய எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் காரியம் முடிந்தது. நடுவில் ஒன்று கெட்டால் தூக்கி எறியலாம், குடி முழுகிவிடாது.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஐந்து நிமிடம் வைத்தேன். ஏன்? வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ஐந்து நிமிடப் படம் போட்டுப் பாராட்டு வாங்கியிருந்தார்... அவ்வளவுதான். வெறும் வீம்பு!

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த சமயம். மழை விட்டு வானம் கழுவியது போல் இருந்தது. இருட்டியதும் நாங்கள் இருவரும் ஆனைக்குட்டம் அணைக்கரைக்குப் போனோம். ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் கூட்டம் உச்சிக்கு வந்திருந்தது. ஷட்டர் திறந்திருந்தது; துளி வெளிச்சம் பட்டாலும் அந்த ஐந்து நிமிடமும் பாழ். கீழே பைக்கில் இருந்த டீ பிளாஸ்க்கை எடுக்கப் போன செல்வராணி படியேறித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, படி தெரியல. செல் லைட்டப் போடட்டுமா?"

"ஏ, லைட்டு போடாத!"

கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்பதுதான் முக்கியம். கம்பெனியில் யாராவது அந்தக் குரலில் கத்தினால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் உயிர் மிஞ்சாது. அந்தப் பழக்கம் அவள் உடம்பில் ஊறியிருந்தது. வேறு யாராக இருந்தாலும், "போங்க, உங்க போட்டோவும் நீங்களும்" என்று லைட்டைப் போட்டிருப்பார்கள். அவள் போனைத் தொடவில்லை. தூக்கிய காலை இருட்டில் துழாவி வைத்தாள்...

விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அப்போதும் லைட்டைப் போடாமல்தான் ஓடினேன்!

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு அவளே கேட்டாள்.

"எதுக்குங்க அப்படிக் கத்துனீக? அங்கன எவனும் கழிவு மருந்தக் கொட்டி வச்சிருந்தானா?"

ஒரு பொறி போதும் என்று கம்பெனிக்குள் செல்போனையே விடமாட்டார்கள்; அவளுக்கு வேறு காரணமே தோன்றவில்லை. "ஆமா" என்றேன்.

"நல்லவேள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறிவிட்டு அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகொரு நாள், அந்த ஐந்து நிமிடப் படத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றப் படங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்காகவா? ... இதற்காகத்தான்!

எலும்பு கூடிவிட்டது. ஆனால் முன்போல் குத்தவைத்து உட்கார முடியாததால் அவளை லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்களிடம் அவள் இந்தக் கதையைத்தான் சொல்கிறாளாம்.

"எங்க வீட்டுக்காரரு கத்துனாரு, நான் ஏன்னு கேக்கல. லைட்டப் போட்டிருந்தா இன்னைக்கு இங்கன இருக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீக."

உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். உடனே ஒரு பயம் வந்துவிடும். சொன்ன பிறகு, கம்பெனியில் யாராவது நிஜமாகவே கத்தும்போது, இவனும் தன் சௌகரியத்துக்குத்தான் கத்துகிறானோ என்று அவள் அரை நொடி யோசித்தால்...?

இது அவள்மேல் உள்ள அக்கறையா? அல்லது என் மானத்தைக் காப்பாற்ற நான் தேடிக்கொண்ட சாக்கா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலையிலும் அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய்க் கம்பெனி வேனில் ஏறுவாள். நான் வாசலில் நின்று கையசைப்பேன். சொல்ல மாட்டேன்.