குந்து ஒரு பெயர்ச்சொல் அல்ல

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கடலைக் கொல்லையில் குந்திக் குந்திக் களை எடுத்து முட்டி வீங்கிப்போன என் அம்மாவுக்காக, தொடையில் பட்டையால் கட்டிக்கொள்ளும் ஓர் இருக்கை செய்தேன். எழுந்து நகர்ந்தால் அதுவும் கூடவே வரும்.

2. சென்னை முழுக்க ஆண்டுதோறும் நடக்கும் வடிவமைப்புத் திருவிழாவுக்கு, 'சமகால வடிவமைப்பு' பிரிவில் அதை அனுப்பினேன். வரைபடம், பொருள்களின் விவரம், செய்தவர்களாக அம்மா பெயரும் என் பெயரும், எல்லாம் விண்ணப்பத்தில் இருந்தன.

3. தேர்வாகிவிட்டதாகச் சொல்லி இருக்கையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

4. நான் வேலையில் இருந்த நேரத்தில் விழா அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டார்கள்.

5. நானும் அம்மாவும் விழாவுக்குப் போனபோது இருக்கை 'மரபு' என்ற கூடத்தில் இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'குந்து. உத்திரமேரூர் வட்டார உழவர்களின் தொன்மையான களையெடுப்பு இருக்கை. காலம்: தெரியவில்லை. உருவாக்கியவர்: பெயர் தெரியவில்லை.'

அந்த ஐந்தாவது இன்னும் எனக்குள் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரகடம் பக்கம் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. முகம் தெரியாத ஓட்டுநரின் இடுப்பு வலிக்காமலிருக்க நுரை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வேன். வாலாஜாபாத் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பினால் அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அந்த இருக்கையை வரையத் தொடங்கினேன்.

முதலில் செய்தது ஈர மண்ணில் புதைந்துபோனது. அடுத்ததில் அடிப்பாகத்தை அகலமாக்கி, தட்டுபோல் வளைத்து ஃபைபரில் வார்த்தேன். பட்டை குறுகலாக இருந்தது. "தொடைய அறுக்குதுடி இது, அறுவா மாதிரி" என்றாள் அம்மா. பட்டையை எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு தளர விட வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் முடிவானது. ரெக்சின் உறை வியர்த்தது என்று கழற்றிப் போட்டுவிட்டு, யூரியா சாக்கை வெட்டித் தைத்தவளும் அவள்தான். கொல்லையில் மற்றப் பெண்கள் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"இன்னாக்கா, பின்னால வாலு மொளச்சிக்கினு வந்துட்டே?"

"வாலு இல்லடி, சிம்மாசனம். ஒனக்கு ஓணும்னா கேளு."

களை முடிவதற்குள் அவர்களே கேட்டார்கள்.

இதைத்தான் தொன்மையானது என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே தொழிற்சாலையில் கழித்த நுரை. பட்டையில் பள்ளிக்கூடப் பையின் பிளாஸ்டிக் பக்கிள். அது எந்த ராஜா காலத்துப் பக்கிள்? அட்டையின் கீழே, ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள மண்ணின் அறிவு என்று வேறு ஒரு வரி. உத்திரமேரூர் என்றாலே இவர்களுக்குக் கல்வெட்டுதான். அங்கே இருப்பவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுச் சும்மா இருப்பதாக நினைப்பு. அந்தக் கல்வெட்டிலாவது அதை எழுதியவர் பெயர் இருக்கிறது.

"போன்ல இன்னாமா சொன்ன?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இத இன்னான்னு சொல்வீங்கன்னு கேட்டாங்க. யாராச்சும் வந்தா இன்னான்னு சொல்வோம்? 'குந்து'ன்னு சொல்வோம்னேன். எவ்ளோ நாளா கீதுன்னாங்க. ரொம்ப நாளா கீதுன்னேன். போன வருசம் கடல போட்டதுலேருந்து கீதுல்ல? யாரு செஞ்சதுன்னாங்க. எல்லாம் வூட்லயே செஞ்சதுன்னேன். பொய்யா?"

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் எழுதி அனுப்பியதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், கிராமத்துக் குரல் ஒன்று வேண்டும் என்று போன் செய்தவர்கள்மேல்தான் என் கோபம்.

கூடத்தின் பொறுப்பாளர் என் வயதுப் பெண். இதமாகத்தான் பேசினார்.

"நீங்க தப்பா எடுத்துக்கறீங்க. இந்த வருஷம் மரபுக் கூடம்தான் ஹைலைட்டே. இது உங்களுக்குப் பெருமைதானே?"

பக்கத்துக் கூடத்தில் தண்ணீர்க் குழாய்களை வளைத்துச் செய்த ஒரு நாற்காலி இருந்தது. அருகில் அதைச் செய்தவரின் பெயர், படம், அவருக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது என்று ஒரு பக்கக் கட்டுரை. அதைக் காட்டி, "இவர் உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரே. சாயங்காலம் இங்க பேசறார்."

"நானும் இருக்கேன். எங்கம்மாவும் இருக்காங்க. அட்டையை மாத்துங்க."

அச்சாகிவிட்டது, குந்து என்ற அருமையான பழஞ்சொல்லை வைத்துத்தான் கூடத்தையே அமைத்தோம், இனி மாற்ற முடியாது என்றார். அது பொருளின் பெயரே இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"யம்மா! யம்மா! அதுல குந்தாத!"

வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓடிவந்தார். நின்று நின்று கால் கடுத்த அம்மா, கயிற்றைத் தாண்டிப்போய்ப் பீடத்தின்மேல் இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"இன்னாப்பா நீ, குந்தறதுக்குன்னே செஞ்சத குந்தாதன்ற?"

"அய்ய, இங்க எதுலயும் குந்தக் கூடாதும்மா. என்னையே குந்த வுட மாட்றாங்க."

நான் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். "கேட்டீங்களா? அவர் எந்தக் காலத்து மனுஷர்?"

ஒரு நொடி அவர் முகம் மாறியது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ கைப்பேசியை எடுத்தார். "ஆன்ட்டி, அப்படியே இருங்க. ஒரே ஒரு போட்டோ!"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடும்மா. ஆனா கீழ எம் பேரும் எம் பொண்ணு பேரும் எழுதிடணும்."

"கண்டிப்பா ஆன்ட்டி."

பெயர்களை நானே எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், மாத்திடுவாங்க, நல்ல பொண்ணாத்தான் கீது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் விழாவின் இணையப் பக்கத்தில் படம் வந்தது. அழகான படம். கீழே, 'குந்துவைப் பயன்படுத்திக் காட்டும் கிராமத்துப் பெண்.'

அம்மா அதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "சொன்னோமே" என்றாள். அவ்வளவுதான்.

விழா முடிந்து இருக்கை திரும்பி வந்துவிட்டது. பக்கிள் உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன். பெயர்களைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவின்போது கவனிப்பதாகக் கடைசியாகப் பதில் வந்தது. இணையப் பக்கத்தில் உருவாக்கியவர் பெயர் இன்றும் தெரியவில்லை. அம்மா அந்த இருக்கையில் உட்கார்ந்து இந்தப் போகத்துக் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது கொல்லையில் அதேபோல் இன்னும் நான்கு இருக்கின்றன. ஐந்தின் அடியிலும் எங்கள் இருவர் பெயரையும் ஃபைபரிலேயே வார்த்துவிட்டேன்.