கொண்டலாத்தியின் கொண்டை

எங்கள் பெரிய அண்ணிக்கு வாய்த்த தொழில் அப்படி. வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் செய்கிறாள். மாப்பிள்ளை முகத்துப் பருவை எடுப்பாள், மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைத் துடைப்பாள், வெறும் சட்டையோடு வந்தவருக்குப் படத்திலேயே கோட்டு மாட்டி அனுப்புவாள். இறந்துபோன ஒருவரைக் குடும்பப் படத்தில் மனைவிக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறாள். அந்த அம்மா படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, கேமராக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம்.

அண்ணி நல்லவள். பொறாமைக்காரி என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஒன்றை மறைத்தேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

பொறாமை வேறு யார் மேல், ஓரகத்தி மேல்தான். மாடியில் குடியிருக்கும் சின்ன அண்ணி வங்கியில் வேலை பார்க்கிறாள். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். பெரியவளுக்கோ ஞாயிறுதான் ஸ்டூடியோவில் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சின்னவள் மெமரி கார்டோடு படியில் நிற்பாள், கொஞ்சம் பார்த்துச் சரிபண்ணிக் கொடுங்களேன் அக்கா என்று.

வருகிற படங்களின் லட்சணத்தை நானும் பார்த்திருக்கிறேன். புகை மூட்டமாக ஒரு மரம், அதில் கடுகளவு பறவை. அண்ணி ஓரங்களை வெட்டுவாள், இருட்டைக் குறைப்பாள், பொரிப் பொரியாகத் தெரிவதை வழித்தெடுப்பாள், கடைசியில் கண்ணில் ஒரு துளி வெளிச்சத்தைக் கூட்டுவாள். பறவை அப்போதுதான் நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் சரியான நொடியில் அமுக்குகிற விரல் சின்னவளுக்கு இருந்தது. அது அண்ணிக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் படம் விழுந்ததும் ஒரே இதயமழை. என்ன கண்ணு உனக்கு, என்ன பொறுமை உனக்கு, எல்லாம் சின்னவளுக்கே. அப்பா ஒரு மரங்கொத்தியை ஃபோன் முகப்பில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம்கூட வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைக் காட்டினார், என் சின்ன மருமகள் எடுத்தது என்று. அக்காதான் சரி பண்ணினாங்க என்று சின்னவள் ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்தாள். யார் காதிலும் அது ஏறவில்லை. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல அப்பா ஒருநாள், "உனக்கென்னம்மா, எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பண்ணிடுது" என்றார். அன்றைக்கு அண்ணி பாத்திரம் கழுவிய சத்தம் மாடிவரை கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கொண்டலாத்தி வந்தது. பறவை ஆர்வலர் சங்கம் கண்காட்சி வைத்தது. முதலாவதாகத் தேர்வாகிற படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து, எடுத்தவர் பெயரோடு வாசலிலேயே நிறுத்துவார்கள். சின்னவளின் படத்தில் கொண்டலாத்திப் பறவை தலைக்கொண்டையை முழுக்க விரித்திருந்தது, சீட்டாடுகிறவன் கையில் சீட்டை விரித்துப் பிடித்த மாதிரி. ஒரே குறை, முன்னால் ஒரு காய்ந்த குச்சி குறுக்கே ஓடி, மூன்று இறகுகளை வெட்டியிருந்தது. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சங்கத்தின் விதிகளையும் அனுப்பியிருந்தாள். வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம். படத்தில் இருப்பதை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. தேர்வாகிற படத்துக்குக் கேமராவில் பதிவான அசலைக் காட்ட வேண்டும். சின்னவள் கடைசித் தேதியை மட்டும் பார்த்திருந்தாள். பெரியவள் எல்லாவற்றையும் படித்தாள். அங்கேதான் அவள் புத்தி கோணியது. குச்சியை எடுத்துவிட்டால் படம் நிச்சயம் தேர்வாகும். அப்புறம் அசலைக் கேட்பார்கள், குட்டு வெளிப்படும், படம் வெளியே போகும். அண்ணியை யாரும் குறை சொல்ல முடியாது, அழகாகச் செய்துதானே கொடுத்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. இதெல்லாம் பிற்பாடு அவள் வாயாலேயே என்னிடம் சொன்னது.

கெடுக்க உட்கார்ந்தவள் வேலையில் மூழ்கிவிட்டாள். குச்சியை அழிப்பது பெரிய காரியமில்லை, அழித்த இடத்தில் இறகு முளைக்க வேண்டும். அதே காலையில் எடுத்த மற்ற படங்களைத் துழாவினாள். ஒன்றில் பறவை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் வெயில் தப்பான பக்கத்திலிருந்து அடிக்கும் என்று ஒதுக்கினாள். இன்னொன்றிலிருந்து ஒவ்வோர் இறகாக எடுத்து வந்து வளைத்து, நுனியில் கறுப்பு வைத்து, இடது விளிம்பில் மட்டும் வெயிலைத் தொட்டு வைத்தாள். காற்றில் பிரிந்த ஓரிரு மயிரிழைகளைக்கூட விடவில்லை. பெரிய அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டதற்கு "ம்" என்ற பதில்தான் வந்ததாம்.

"குச்சி எங்கேக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"போட்டிக்குப் போற படத்துல குச்சி எதுக்கு? எல்லாரும் பண்றதுதான்."

சின்னவள் நம்பினாள். அனுப்பினாள்.

அதற்கப்புறம் மாடியில் நாற்காலி நகர்ந்தால்கூட அண்ணிக்குக் காது நிமிர்ந்தது. கடைசியில் ஒருநாள் சின்னவள் கீழே வந்து, "கிடைக்கலைக்கா, என்னைவிட நல்லா எடுத்தவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள். அவ்வளவுதான். அண்ணி எதிர்பார்த்த புலம்பல் இல்லை, சண்டை இல்லை. தான் ஜெயித்தாளா தோற்றாளா என்றே அவளுக்கு விளங்கவில்லை.

நடந்ததைச் சின்ன அண்ணன் என்னிடம் சொன்னான், பெரியவளிடம் மூச்சுவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. என்னிடம் போய்ச் சொன்னான் பாருங்கள். சங்கத்திலிருந்து அசலோடு வரச் சொன்னார்களாம். இவன்தான் கூட்டிப்போயிருக்கிறான். செயலாளர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். சின்னவள் கண்ணை இமைக்காமல் "நான்தான் சார்" என்றாள். அக்கா விதியைப் படித்திருக்க மாட்டாள், இது தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு எந்தப் போட்டிக்கும் படம் அனுப்பக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அப்புறம் அந்த மனிதர் கொண்டைமேல் விரலை வைத்து, "தப்பு தப்புதான். ஆனா இது சாதாரணக் கை இல்லம்மா. அசலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டும், இதுல ஒரு இறகுகூடப் பொய்னு என் கண்ணு நம்ப மாட்டேங்குது" என்றாராம்.

அன்றைக்கே அண்ணியிடம் போய் ஒப்பித்துவிட்டேன். யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு டை கட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் பழியை ஏற்றுக்கொண்ட இடத்தில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மவுஸ் நின்றது வேறு இடத்தில்.

"அவர் என்ன சொன்னார்? மறுபடி சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள்.

"அந்தப் பாராட்டையும் அவளே வாங்கிட்டு வந்துட்டாளா?" என்றாள். பிறகு, விதியைப் படித்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "அவ உங்களுக்காகத் தலை குனிஞ்சு நின்னிருக்கா. வெக்கமா இல்லையா அண்ணி?"

"இருக்கு. வெக்கமும் இருக்கு, வயித்தெரிச்சலும் இருக்கு. வயித்தெரிச்சல்தான் ஜாஸ்தி."

செயலாளரின் நம்பரைத் தேடி எடுத்தாள். என் முன்னாலேயே பேசினாள். "அந்தக் கொண்டலாத்தியில வேலை பார்த்தது நான்தான் சார். அவ இல்லை. அந்தக் கொண்டை முழுக்க என் வேலை." சொல்லிவிட்டு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அந்தப் பெண்ணின் தடையை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். கொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஃபோன் பேசியதை மட்டும் வீட்டில் சொன்னேன். அண்ணி ஒரே நாளில் உத்தமி ஆனாள். பெரிய மனசு என்றார் அப்பா. குழுவில் அவள் பேருக்கு இதயங்கள் விழுந்தன. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். விதி தெரிந்தே செய்தாள் என்பது சின்னவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் மன்னித்துவிடுவாள், அது இன்னொரு தொல்லை.

அன்று சாயங்காலம் சின்னவள் இறங்கி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க சொல்லியிருக்கவே வேண்டாம்க்கா."

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. "அன்னிக்கு அவர் உன்கிட்ட என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

"பெருசா ஒண்ணும் திட்டலைக்கா, விடுங்க."

"திட்டினதைக் கேக்கலை. கொண்டையைப் பத்தி ஏதோ சொன்னாராமே?"

சின்னவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "கொண்டையைப் பத்தியா? நான் இருந்த பயத்துல எதுவுமே காதுல விழலைக்கா."

அண்ணி தன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.