ஈரத்துக்குக் கழித்த கடுதாசிகள்

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரை மேஸ் காலுறை, கையில் ஒரு பிரம்பு. அந்தப் பிரம்பால் நான் விரட்டியது பெரும்பாலும் என் காலில் ஏறிய அட்டைகளைத்தான். எனக்கு மிகவும் பிடித்த வேலை கொழுந்து நிறுவை. பெண்கள் கூடையைத் தராசில் மாட்டுவார்கள். நான் முள்ளைப் பார்த்து, "ஈரத்துக்கு ரெண்டு ராத்தல் கழிச்சு" என்று உரக்கச் சொல்வேன். மழை நாளில் கொழுந்தோடு வரும் தண்ணீருக்குத் தோட்டம் கூலி கொடுக்காது. வெயில் நாளிலும் சிலசமயம் என் வாய் தானாகச் சொல்லிவிடும்.

அந்த வருஷம் எனக்குத் திருச்சிப் பக்கம் பெண் பார்த்திருந்தார்கள். புகைப்படத்தில் பார்த்ததோடு சரி. அதற்கே தூக்கம் போய்விட்டது. பெண் வீட்டாரின் முடிவு ஆகாயத் தபாலில்தான் வரவேண்டும் என்று, பெண் பார்த்த மாமாவுக்கு எழுதிவிட்டு, அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். கப்பலில் வரும் சம்மதம் என் அந்தஸ்துக்குப் போதாது என்று நினைப்பு. கொழுந்துப் பெண்கள் எனக்கு 'ஏரோப்பிளேன் மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். கோபப்படுவதுபோல் நடித்தேன்.

ஒருநாள் காலை மூடுபனிக்குள் ஓர் இரைச்சல் தலைக்கு மேலே மிகத் தாழ்வாகப் போனது. பிறகு மேல்மலைப் பக்கம் பெரிய அதிர்வு. இந்தியாவிலிருந்து கொழும்புக்குத் தபால் கொண்டுவந்த விமானம் வழி தவறிப் பாறையில் மோதியிருந்தது. ஓட்டிவந்த இருவரைத் தேடி ஆண்கள் மேலே ஓடினார்கள். தேயிலைச் செடிகள் மேலெல்லாம் கடிதங்கள் கிடந்தன. மழை வருமுன் அவற்றைப் பொறுக்கும் பொறுப்பைத் துரை என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். கொழுந்தெடுக்க விடுவதுபோல ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்து, "கூடையில போடுங்க, நெரை மாறாதீங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு நானே எல்லா நிரையிலும் புகுந்து, முழங்காலில் நின்று, செடிக்கடியில் தலையை விட்டு என் கடிதத்தைத் தேடினேன். பெண்களுக்குப் புரிந்துவிட்டது. வாசிக்கத் தெரியாத அவர்கள், நீல உறை எது தட்டுப்பட்டாலும் ஓடிவந்து, "ஐயா, இது உங்களுதா பாருங்க" என்று நீட்டினார்கள். ஒன்றுகூட என்னுடையது இல்லை.

அப்போது அந்த இருவரையும் கீழே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும். பெண்களில் மூத்தவர், என் அம்மா வயது, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவன்மேல் போர்த்தினார். "எந்தத் தாய் பெத்த புள்ளையோ" என்று அழுதார். எல்லோரும் அழுதார்கள். நான் பிறத்தியார் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

தபால் லொறி வந்ததும், கூடைகளை ஏன் தராசில் மாட்டச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. முதலில் வந்தது மூத்தவரின் கூடை. முள்ளைப் பார்த்தேன், வாய் திறந்துகொண்டது.

"ஈரத்துக்கு ரெண்டு ராத்தல் கழிச்சு..."



"கழிச்சது யாரோட கடுதாசிங்க, ஐயா?" என்று கேட்டார் மூத்தவர்.

என் கடிதம் வரவேயில்லை. மாப்பிள்ளை இரண்டாம் தடவை எழுதிக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நானும் விறைப்பாக இருந்துவிட்டேன். மாதங்கள் கழித்து மாமாவின் கடிதம் கப்பலில் வந்தது. பெண் வீட்டார் சம்மதம் சொல்லி ஆகாயத் தபாலில் எழுதினார்களாம். நான் பதிலே போடாததால் பெண்ணை உள்ளூரில் கொடுத்துவிட்டார்களாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நின்றபடியே அதை வாசித்தேன். என் முகத்தைப் பார்த்தே தோட்டம் தெரிந்துகொண்டது.

மறுநாள் நல்ல மழை. யாராவது ஏரோப்பிளேன் மாப்பிள்ளை என்று சொல்லட்டும், பிடி பிடி என்று பிடித்துவிடலாம் எனத் தராசடியில் காத்திருந்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூத்தவர் வந்து கூடையை மாட்டினார். அடியில் தண்ணீர் சொட்டியது. முள்ளைப் பார்த்தேன். "ஈரத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"கழிச்சுக்குங்க, தம்பி" என்றார்.