வெள்ளிக்கிழமைகளில் நிற்கும் கார்

"மேற்படி சுயம்புலிங்கம் உயர் அழுத்த மின்சாரத்தை அச்சமின்றிக் கையாளும் திறனும், நெருக்கடி நேரத்தில் நிதானமும், கலங்காத நெஞ்சுரமும் வாய்ந்தவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் முத்திரையோடு இந்த வாசகம், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுயம்புலிங்கத்தின் பட்டறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதே வாரம் ஆலையைவிட்டு நின்ற கேண்டீன் மாஸ்டருக்கும் அட்சரம் பிசகாமல் இதே சான்றிதழ்தான் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கேண்டீன் மாஸ்டருக்காவது அது ஓரளவு பொருந்தியிருக்கும்.

சுயம்புலிங்கம் ஆலையில் வயர்மேன் உதவியாளராகப் பதினோரு மாதம் இருந்தார். பதினோராம் மாதக் கடைசியில் ஒரு த்ரீ பேஸ் சுவிட்ச் அவரைத் தூக்கிப் பஞ்சுப் பொதிமேல் எறிந்தது. பொதி மெத்தென்று இருந்ததால் பிழைத்தார். இரண்டு நாள் படுத்துக் கிடந்து, மூன்றாம் நாள் ராஜினாமா எழுதினார். அன்றிலிருந்து வீட்டில் லைட் போடுவதும் அணைப்பதும் மனைவி சண்முகத்தாயின் பொறுப்பு ஆயின.

தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான். ஆகவே மின்சாரத்திலேயே ஆகச் சாதுவானது எது என்று யோசித்து, கார் வயரிங்குக்கு வந்தார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி யாரையும் கொன்றதாகக் கேள்வியில்லை. ஆனாலும் அவர் ரப்பர் செருப்பைக் கழற்றியதில்லை. இடது கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை பார்ப்பார். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். இன்ஜின் ஓடும்போது பானெட்டுக்குள் கை விடமாட்டார். "மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்பதுதான் வாடிக்கையாளருக்கு அவர் சொல்லும் வணக்கம். பார்க்கிறவர்கள் இதைத் தொழில் ஒழுக்கம் என்று நினைத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

மடவார் வளாகத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் கிருபாபாய்க்கும் அந்த ஒழுக்கம் பிடித்திருந்தது. அவரிடம் அப்பா விட்டுப்போன ஒரு மோரிஸ் கார் இருந்தது. முப்பத்தெட்டாம் வருடத்து வண்டி. பானெட் இரண்டு பக்கமும் இறக்கைபோலத் திறக்கும். கதவுக்குக் கீழே ஏறி நிற்க ஃபுட்போர்டு உண்டு. 1988 தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டரின் அண்ணன் மகன், சோப்புப் பெட்டி அளவில் ஓர் அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். எலக்ட்ரானிக் இக்னிஷன். அடிக்கடி கருகிப்போகும் பாயிண்ட்டுக்குப் பதிலாக, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை எப்போது விடுவது என்பதை இந்தப் பெட்டியே தீர்மானிக்கும்.

கூட வந்த காகிதத்தைச் சுயம்புலிங்கம் அகராதி வைத்துப் படித்தார். அவருக்கு முதலில் விளங்கியது மின்னல் படமும் அதன் கீழிருந்த எச்சரிக்கையும். பழைய பொறியைவிட இது பல மடங்கு உக்கிரம். சாதுவைத் தேடி ஓடிவந்தவர் வீட்டு வாசலிலேயே சனியன் பாயை விரித்துவிட்டது.

நான்கு நாள் எடுத்து, ஒற்றைக் கையால் மாட்டினார். இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டில் பெட்டியின் காதை வைத்து ஒரே ஸ்க்ரூவால் முடுக்கினார். அந்த ஸ்க்ரூதான் எர்த், கரண்ட் திரும்பிப் போகும் வழி. அது வண்டியின் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் பெட்டி வேலை செய்யும்.

"இதுலதான் அண்ணாச்சி இனிமே வண்டிக்கு உசிரே இருக்கு" என்று டிரைவர் சுப்புராஜிடம் சொன்னார். சுப்புராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வண்டியில் தமிழ். அவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதைச் சுயம்புலிங்கம் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் வண்டி பூப்போல ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் வாரந்தோறும் ராஜபாளையத்துக்கு ஆபரேஷன் பார்க்கப் போகும் வழியில், கண்மாய்க்கரையில் நின்றது. சுயம்புலிங்கம் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்த வெள்ளி மறுபடி. அவர் "மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு ஒயராக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். லாம்ப் எல்லா இடத்திலும் எரிந்தது. குறையே இல்லை. குறை இல்லாத வண்டி நிற்பது, குறையோடு நிற்பதைவிட அவரை அதிகம் நடுக்கியது.

மூன்றாவது வெள்ளி வண்டி நின்ற இடம் ரயில்வே கேட். தண்டவாளத்தின் மேல்.

"ஊதுற சத்தம் கேட்டுருச்சு சுயம்பு" என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். "ஆறு பேர் சேந்து தள்ளுனாங்க. நல்லவேளை நான் மட்டும்தான் இருந்தேன். பிள்ளத்தாச்சி யாராச்சும் இருந்திருந்தா?"

சுயம்புலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் கையால் மாட்டிய பெட்டி. பிள்ளைத்தாய்ச்சியோடு வண்டி நின்றால் அந்த இரண்டு உயிரும் தன் கணக்கில்தான் வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வெள்ளி காலையில் பட்டறைப் பக்கம் யார் வேகமாக நடந்து வந்தாலும் எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

"நெஞ்சுரம்னு சட்டம் போட்டு மாட்டிருக்கு" என்றாள் சண்முகத்தாய். "அதக் கழட்டி வச்சுட்டாவது ஓடுங்க. பாக்கறவுக சிரிக்காவ."

ஓட முடியவில்லை. டாக்டர் ஆள் அனுப்பினார். "இனிமே வெள்ளிக்கிழம நீயும் வண்டியில வா. நிக்கும்போதே பாத்துரு."

அவர் ஏறிய முதல் வெள்ளியே, சுந்தரபாண்டியத்து வெள்ளத்தாயும் பின்சீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. ராஜபாளையத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லியாகிவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். அன்று பஸ் ஸ்டிரைக்.

நான்கு கிலோமீட்டர் போனதும் இன்ஜின் இருமியது. சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் நிற்காது என்று நினைத்தாரோ என்னவோ, வண்டி நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்தார்கள். "சாவியத் திருப்புங்க அண்ணாச்சி" என்று சொல்லும்போது அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. இன்ஜின் இரண்டு தரம் உறுமி அடங்கியது. சாவி ஆனில் இருக்கும்போது அவர் அதற்குள் எட்டிப் பார்ப்பது அதுவே முதல் தடவை. பெட்டி இருந்த இடத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி ஈரம். புறங்கையால் தொட்டார், மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி. இது என்ன?"

"எது?"

"சந்தனம் மணக்கு."

சுப்புராஜ் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏலே, மெதுவாப் பேசுலே. அம்மா வேதக்காரவிய, சர்ச்சுக்குப் போறவிய. வெள்ளிக்கிழம காலையில பெட்டியக் கழுவி ஒரு பொட்டு வப்பேன். அம்மா வாரதுக்குள்ள தொடச்சிருவேன். வண்டிக்கு உசிரே அதுலதான்னு நீதான சொன்ன?"

"நின்ன பொறவுமா வச்சிய?"

"நின்ன பொறவுதான் ரெண்டா வச்சேன். கேட்ல நின்ன பொறவு மூணு."

உள்ளேயிருந்து டாக்டர் குரல் வந்தது. "சுப்பு, எனக்குக் காது நல்லாவே கேக்கும். நீ பொட்டு வைக்கதை நான் மாடியில இருந்து முதல் வாரமே பாத்துட்டேன். உன் மனசு நோகக்கூடாதேன்னு கண்டுக்கல."

"அய்யோ தேவுடா" என்று சுப்புராஜ் தலையில் கை வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். வாராவாரம் கழுவிய தண்ணீரும் சந்தனமும் ஸ்க்ரூவின் அடியில் இறங்கித் துருவோடு சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெள்ளி காலையில் அது ஊறிப் பருத்து எர்த்தை விலக்கும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். டாக்டரம்மாவுக்கு மரியாதை காட்ட டிரைவர் மறைத்தார். டிரைவருக்கு மரியாதை காட்ட டாக்டர் காணாததுபோல் இருந்தார். மூன்றாமவரான சுயம்புலிங்கத்துக்கு மரியாதை எதுவும் தடையில்லை, பயம் மட்டும்தான். சாவி ஆனில் இருக்கும்போது மட்டும் தெரியும் குறை அது, அப்படி அவர் அன்றுவரை பார்த்ததில்லை. டெஸ்ட் லாம்புக்கு எரிய அந்தத் துரு வழியே கசியும் கரண்டே போதும், பெட்டிக்குப் போதாது.

"சரி, காய விடுவோமா?" என்றார் சுப்புராஜ்.

"காய எம்புட்டு நேரமாகும்?" என்று டாக்டர் கேட்டார். "அம்புட்டு நேரம் நமக்கு இல்ல."

சுயம்புலிங்கம் ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டப் பார்த்தார். துரு பிடித்த ஸ்க்ரூ திரும்பவில்லை, பதற்றத்தில் ஓங்கி அழுத்திவிட்டார். பெட்டியின் காது மளுக்கென்று ஒடிந்தது. இப்போது எர்த்தும் இல்லை, எர்த் கொடுக்க இடமும் இல்லை. பின்சீட்டில் வெள்ளத்தாய் முனகினாள். ஒரு பஞ்சு லாரி கைகாட்டியும் நிற்காமல் போனது.

ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை இன்ஜின் போல்ட்டில் முறுக்கினார். மறுமுனையைப் பெட்டியின் வழவழப்பான முதுகில் வைத்து, டாக்டர் கொடுத்த பிளாஸ்திரியால் ஒட்டினார். வண்டி கிளம்பியது. ஒரு ஃபர்லாங் போனதும் சூட்டில் பிளாஸ்திரி இளகி, மறுபடி நின்றது.

"கையால அழுத்திப் பிடிச்சா ஓடுமா?" என்றார் டாக்டர்.

ஓடும் என்று சுயம்புலிங்கத்துக்குத் தெரியும். பிடி சற்றே தளர்ந்தால் அந்த உக்கிரம் எதன் வழியாகப் போகும் என்பதும் தெரியும். "அது... அடிக்கும்மா" என்றார்.

"சாவடிக்குமா?"

"சொல்ல முடியாது. அந்தக் காயிதத்துல மின்னல் படம் போட்டிருக்கு."

டாக்டர் வெள்ளத்தாயின் நாடியைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுயம்புலிங்கம் ஒருபக்கப் பானெட்டைக் கழற்றி ரோட்டோரம் போட்டார். ஃபுட்போர்டில் ஏறி, மட்கார்டின் மேல் நெஞ்சைச் சாய்த்துக் குப்புறப் படுத்தார். ரப்பர் செருப்பு இனி எதற்கும் உதவாது. விழாமலிருக்க இடது கையால் ஹெட்லைட்டைப் பிடித்தாக வேண்டும். பதினைந்து வருடம் முதுகுக்குப் பின்னாலிருந்த கை. வலது கட்டைவிரலால் ஒயரைப் பெட்டியோடு அழுத்தினார்.

"போங்க" என்றார். அது கேட்கவில்லை. "போங்க அண்ணாச்சி" என்று கத்தினார்.

முதல் பள்ளத்திலேயே அடித்தது. உள்ளங்கையில் தொடங்கி நெஞ்சைக் குத்தி மறுதோள் வரை போனது. அவர் வீறிட்டார். வண்டி ஒரு முறை இருமியது, பிடி இறுகியதும் ஓடியது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி, ஓர் அலறல். அடி வாங்காமலிருக்க ஒரே வழி இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான், கையை எடுப்பதல்ல. பஞ்சுப் பொதி கண்ணுக்குள் வந்தது. அம்மா, ஆண்டாள் தாயே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி அழுதார்.

"யாரு டாக்டரம்மா அப்படிக் கத்துதாவ?" என்றாள் வெள்ளத்தாய், வலிக்கு நடுவே.

"மெக்கானிக்கும்மா."

"என்னைவிட மோசமா இருக்கு. பாவம், அவியளுக்கு எத்தனாவது மாசம்?"

ரயில்வே கேட் திறந்திருந்தது. சுப்புராஜ் நிறுத்தாமல் ஓட்டினார். தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கியபோது மூன்று அடி சேர்ந்தாற்போல் விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்த பிறகும் அந்தக் கட்டைவிரல் பெட்டியை விடவில்லை. சுப்புராஜ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். மதியத்துக்குள் வெள்ளத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து சுப்புராஜ் பொட்டை ஸ்டியரிங் நடுவில், டாக்டருக்கு முன்னாலேயே வைத்தார். சண்முகத்தாய்தான் அதற்குப் பிறகும் லைட் போட்டாள். சுவரிலிருந்த சான்றிதழை யாரும் திருத்தவில்லை.

சுயம்புலிங்கம் செய்தது இது: 1988இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பயத்தில் அழுதுகொண்டே, ஏழு கிலோமீட்டர் தூரம் ஒரு ஒயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார்.